மஞ்சள் தடவிய பத்திரிகை

முல்லைக்குடி
14.07.2025

தென்னங்குறிச்சி துரைராசு அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பெயரைப் போட்டிருக்கிறேன்.

நேற்று மட்டும் பதினோரு முறை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். பேசினால் நான் அழுவேன், நீங்கள் “சரி, விடு” என்பீர்கள், அதோடு எல்லாம் முடிந்துபோகும். எழுதினால் குறுக்கே பேச முடியாது. நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால்தான். ஆனால் நான் தமிழ்நாடு, நீங்கள் பாண்டி கவர்மெண்ட். இந்தக் கடிதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நாலு நாள் கழித்துத்தான் உங்கள் கைக்கு வரும். வரட்டும்.

பிரகதி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நர்சிங் பட்டியலில் காரைக்கால் பகுதிக்கான கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடம், ஃபீசையும் உங்கள் அரசே கட்டும். அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். அவள் அப்பாவும் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்து வாய்கொள்ளாமல் சிரித்தார். பத்தே நாளில் ஆட்சேபணை வந்துவிட்டது. இந்தப் பெண் காரைக்காலில் ஐந்து வருடம் குடியிருந்தவளே இல்லை, வாய்க்காலுக்கு வடக்கே தமிழ்நாட்டில் இருப்பவள் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரமாக வைத்தது எதைத் தெரியுமா? அவளுடைய சடங்குப் பத்திரிகையை.

பிப்ரவரி 2021. விழா நடைபெறும் இடம், முல்லைக்குடி, எங்கள் இல்லம். தாய்மாமன் சீர், தென்னங்குறிச்சி துரைராசு. மாமன் சீர் எடுத்து வருகிறான் என்றால் பெண் மாமன் வீட்டில் இல்லை என்று எந்த அதிகாரிக்கும் விளங்கும். நமக்குத்தான் அன்றைக்கு விளங்கவில்லை. ரேஷன் கார்டில் அவள் பெயரை மாற்றி எட்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், மேளம் அடித்து, நூற்றொரு தட்டோடு பாலத்தைத் தாண்டி வந்தீர்களே.

பெயர் சேர்த்த யோசனை யாருடையது? கொரோனா வருடம் என் வீட்டு வாசலில் நின்று, “பிரகதி பேர எங்க கார்டுல சேத்துடுவோம் ராஜாத்தி, ஸ்கூலயும் இந்தப் பக்கமே மாத்திடு, நாளைக்கு காலேஜ் ஃபீசுக்கு ஆகும்” என்று சொன்னது யார்? குடியிருப்புச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? அப்படிப்பட்டவரிடம் பத்தாம் தேதி அதிகாரி வந்து, இந்தப் பெண் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாளா என்று கேட்டபோது வாயே திறக்கவில்லையாம். அண்ணிதான் போனில் சொன்னாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?

நாலரை வருடத்துப் பத்திரிகையை யார் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள்? உங்கள் பெயர் என் மாமனார் பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான். இப்போது திருப்தியா?

ராஜாத்தி


தென்னங்குறிச்சி
19.07.2025

ராஜாத்திக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அதைக் கொடுக்கவில்லை.

எனக்கு நீ வைத்த பத்திரிகை பீரோவில் பட்டுவேட்டிக்கு அடியில் இருந்தது. இத்துடன் அனுப்புகிறேன், பார்த்துக்கொள். உறை மேல் உன் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மை. அதற்காகத் தங்கை மகளின் படிப்பில் மண் போடுகிறவன் என்று நீ நினைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

யார் கொடுத்தார்கள் என்று கேட்காதே. தெரிந்தால் உனக்கு நல்லதில்லை.

தண்ணீர் இப்போதுதான் நம் கடைமடைக்கு வந்திருக்கிறது. நடவு பாதி ஆகியிருக்கிறது. மேல் விசாரணை ஆகஸ்ட் ஆறாம் தேதி என்று தபால் வந்திருக்கிறது. பிள்ளையைச் சாப்பிடச் சொல்.

துரைராசு


முல்லைக்குடி
23.07.2025

அண்ணனுக்கு,

பத்திரிகை வந்தது. நீங்கள் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது கேட்க மாட்டேன். வாய் திறக்காதது மட்டும் அப்படியே இருக்கிறதே.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் எந்த ஊர்ப் பெண்? தென்னங்குறிச்சியில் நீங்கள் பிறந்த அதே வீட்டில்தான் நானும் பிறந்தேன். அப்பா நிலம் பிரித்தபோது உங்களுக்கு வயல் கொடுத்தார், எனக்கு நகை போட்டு வடக்கே அனுப்பினார். கல்யாணம் கட்டிக்கொண்டு ஒரு வாய்க்காலைத் தாண்டினேன், அது ஒரு குற்றமா? உங்கள் பிள்ளை சூர்யபிரகாஷ் அதே உதவித்தொகையில் இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் வேலை பார்க்கிறான். சந்தோஷம்தான். ஆனால் அவனுக்கும் பிரகதிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே மடைத் தண்ணீர். வெள்ளம் வந்தால் இரண்டு வீட்டிலும் முழங்கால் அளவு.

உங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் போதுமான அரசுக் கல்லூரி இல்லை, அதனால் தனியார் கல்லூரி ஃபீசுக்கு அரசு உதவுகிறது என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். நியாயமான ஏற்பாடு, நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கம் கல்லூரி இல்லாமல் இல்லை, இருக்கிறது. இவள் மார்க்குக்குக் கிடைக்கவும் வேண்டுமே. கிடைக்காதவள் தனியாரிடம்தான் போக வேண்டும், அங்கே என் பெண்ணுக்கு யார் கட்டுவார்கள்? எங்கள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அதற்கென்று ஒரு சலுகை உண்டு. அதுவும் போயிற்று, ஏனென்றால் எட்டாம் வகுப்பிலிருந்து உங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குச் சைக்கிள் மிதித்தாள். இப்போது இங்கே கேட்டால் காரைக்கால் கார்டு என்கிறார்கள், அங்கே கேட்டால் தமிழ்நாட்டுப் பெண் என்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையை இரண்டு அரசும் சேர்ந்து வாய்க்கால் நடுவில் நிறுத்தி வைத்திருக்கின்றன. இல்லை, அரசைச் சொல்வானேன், நிறுத்தியது நாம் இருவரும்.

ஆறாம் தேதி போங்கள். அவள் பகலெல்லாம் உங்கள் ஊரில்தான் இருந்தாள், உங்கள் வீட்டில்தான் மதியம் சாப்பிட்டாள், பரீட்சைக்கு அங்கேதான் படித்தாள். அது பொய் இல்லையே. என் மாமனார் ஆசைப்பட்டார் என்று சடங்கை மட்டும் இங்கே வைத்தோம் என்று சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் உங்களிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்.

யார் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் நான் ஊரில் ஒவ்வொருவரையாகச் சந்தேகப்படுவேன்.

ராஜாத்தி


தென்னங்குறிச்சி
26.07.2025

ராஜாத்திக்கு,

நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். நிலம் பிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பிரகதி பெயரைக் கார்டில் சேர்க்கச் சொன்னதே அந்த உறுத்தலில்தான். உனக்குக் கொடுக்காமல் விட்டதை அரசாங்கம் கொடுக்கட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. என் கையிலிருந்து போகாத ஒன்றைத் தாராளமாகக் கொடுத்துவிட்டேன்.

பத்தாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மோர் குடித்தார். ஆட்சேபணை கொடுத்தவரையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். யார் வரப்போகிறார்கள் என்று தெருவைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் இராஜாங்கம் வந்தார்.

ஆமாம், நம் வயலுக்கு முப்பது வருடமாகத் தண்ணீர் கட்டுகிற இராஜாங்கம்தான். அவர் மகள் கவிப்ரியா காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிரகதி விலகினால் அந்த இடம் அவளுக்கு. தினமும் என் வயலில் நிற்கிற மனிதர். அவர் பெண் எதற்கு மனுப் போட்டாள், என்ன மார்க் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதிகாரி பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். மூலையில் மஞ்சள் அப்படியே இருந்தது. பிறகு கேட்டார், “இந்தப் பொண்ணு அஞ்சு வருஷமா உங்க வீட்லதான் தங்கியிருக்கா, இல்லையா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இராஜாங்கம் என்னைப் பார்க்கவில்லை, வாசல் கேட் அருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சடங்கன்றைக்குச் சீர்த்தட்டுகளில் பெரிய தட்டைத் தலையில் வைத்துப் பாலத்தைத் தாண்டியவர் அவர். நான் ஆமாம் என்று சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். எந்த வயலில் எத்தனை விரற்கடை தண்ணீர் நிற்கிறது என்று அவர் சொல்வதை ஒருநாளும் நான் போய்ச் சரிபார்த்ததில்லை, ராஜாத்தி. அப்படிப்பட்ட ஆளை நிற்க வைத்து எப்படிச் சொல்வேன்? இல்லை என்று சொன்னால் உன் முகம் வந்து நிற்கிறது. நாக்கு எழவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாளும் அவர் வேலைக்கு வந்தார். மடையைத் திறந்தார்.

துரைராசு


முல்லைக்குடி
29.07.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

இராஜாங்கத்துக்குப் பத்திரிகை வைத்ததே நான்தான் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீங்களும் அண்ணியும், “வேலைக்கு வர்றவங்களுக்கு வாய்ல சொன்னாப் போதும், பத்திரிகை எதுக்கு” என்றீர்கள். நான்தான் கேட்கவில்லை. என் பெண்ணின் சீரைத் தலையில் தூக்குகிறவருக்குப் பத்திரிகை வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று சண்டை போட்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, திரு. இராஜாங்கம் குடும்பத்தினர் என்று என் கையால் எழுதி, வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் என் பெண்ணுக்கு எதிராகவே கொடுத்திருக்கிறார். மரியாதை கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

அவர் பெண்ணுக்குப் பிரகதியைவிட நாலு மார்க் குறைவு. விசாரித்துவிட்டேன். அதிகம் வாங்கியவள் வெளியே, குறைவாக வாங்கியவள் உள்ளே, இதுதான் நியாயமா? பிரகதியிடம் இதைச் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள், ராத்திரிதான் சொன்னாள். கவிப்ரியாவும் இவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாம், எனக்குத் தெரியாது. கவிப்ரியா காலையில் வயலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவாளாம். கேட்கிற நிலையில் நான் இல்லை.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்கப்போகிறேன். நீங்கள் தடுக்க வேண்டாம். ஆறாம் தேதிக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ராஜாத்தி


தென்னங்குறிச்சி
01.08.2025

ராஜாத்திக்கு,

அவர் வீட்டுக்குப் போகாதே. சண்டை போட்டால் அவர் திருப்பிப் பேச மாட்டார், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆறாம் தேதி நான் போகிறேன். நீ சொல்லச் சொன்னபடியே சொல்கிறேன். பிரகதி என் வீட்டில்தான் இருந்தாள், சடங்கு மட்டும் அங்கே நடந்தது என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போடுகிறேன். அண்ணியும் வந்து சொல்வாள். இரண்டு பேர் சொன்னால் ஒருவேளை நிற்கும். உனக்கு நான் ஒன்றும் செய்ததில்லை, இதையாவது செய்கிறேன்.

அதற்குப் பிறகு இராஜாங்கத்தை வேறு வயலுக்குப் போகச் சொல்லிவிடுவேன். கோபத்தில் இல்லை. நான் அப்படிக் கையெழுத்துப் போட்ட பிறகு அவரை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

துரைராசு


முல்லைக்குடி
05.08.2025

அண்ணே,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. அதற்குள் நான் இராஜாங்கம் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். இதைத் தபாலில் போட்டால் நாளைக்குள் வராது, அதனால் பிரகதியிடமே கொடுத்தனுப்புகிறேன். அவள் எதிரில் படிக்க வேண்டாம்.

நேற்றுக் காலை போனேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கவிப்ரியா வாசலில் நாற்று முடி கட்டப் போகிற கோலத்தில் நின்றாள், சேலைக்கு மேல் அவள் அப்பா சட்டை. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள். நான் உட்காரவில்லை. அவர் வந்ததும் நின்றபடியே கேட்டேன், என் கையால் கொடுத்ததை எடுத்து என் பெண்ணையே அடிக்க எப்படி மனது வந்தது என்று.

அவர் திருப்பிப் பேச மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நேற்றிலிருந்து எனக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஆட்சேபணைன்னு எழுதிக் குடுத்தா பத்தாது, ஆதாரம் வேணும்னுட்டாங்கம்மா. நான் ஊர்ல யாருகிட்ட போயி சாட்சி கேப்பேன்? யாரு உங்க அண்ணனுக்கு எதிரா சொல்லுவா? எங்க வீட்டுல பொட்டியத் தொறந்து பாத்தேன். எம்பேரு எழுதி, வாசல்ல வந்து குடுத்த பத்திரிக அது ஒண்ணுதான். அத எடுக்க ரெண்டு நாளு மனசு வரல. ஆனா எங்கிட்ட வேற காகிதமே இல்லம்மா.”

நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன் அண்ணே.

நமக்கு எத்தனை காகிதம் இருக்கிறது. கார்டு, சான்று, உங்கள் கையெழுத்து, வீட்டு வரி ரசீது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று தயார் செய்துகொள்கிறோம். அந்த உதவித்தொகை யாருக்கு என்று ஏற்படுத்தினார்களோ அந்த ஆள் அவர்தான். தன் மகள் தன் ஊரில் இருப்பவள் என்று அவர் காட்ட வேண்டியதில்லை, நம் பெண் அங்கே இல்லை என்றுதான் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு நான் கொடுத்ததைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை.

நாளைக்கு நீங்கள் போங்கள். ஆனால் நான் சொன்னதைச் சொல்ல வேண்டாம். கேட்டால், ராத்திரி அவள் தூங்கியது எங்கள் வீட்டில் என்று உண்மையைச் சொல்லுங்கள். சான்றில் நீங்கள் போட்ட கையெழுத்துக்கு ஏதாவது நடவடிக்கை வந்தால் நானும் கூட வந்து நிற்கிறேன், ஆசைப்பட்டது இரண்டு பேரும்தானே. இராஜாங்கத்தை வேறு வயலுக்குப் போகச் சொல்லாதீர்கள். அவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியது உங்கள் வேலை, அதற்கு அவர் ஏன் போக வேண்டும்?

நான் மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நியாயம் அவர் பக்கம் இருக்கிறது, அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை. என் பெண்ணுக்கு இந்த வருடம் கல்லூரி இல்லை. அவளும் உழைத்துத்தான் படித்தாள், அவள் யாருடைய காகிதத்தையும் மாற்றவில்லை. நேற்று அடுத்த வருடத்துக்கு எங்கள் பக்கத்தில் எங்கே எழுதலாம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். முகவரி என்று கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, “அம்மா, இதுல எந்த ஊரு போடறது?” என்று கேட்டாள். நான் முல்லைக்குடி என்றேன். அவள் கார்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

இன்னும் ஒன்று. நான் கிளம்பும்போது இராஜாங்கம் பாலம் வரைக்கும் கூட வந்தார். அந்தப் பத்திரிகையை ஆபீசில் ஃபைலோடு வைத்துக்கொண்டார்களாம், திரும்பக் கிடைக்காதாம். “உங்ககிட்ட இன்னொண்ணு இருந்தா...” என்று ஆரம்பித்தார். பிறகு, “பரவால்லம்மா” என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

எங்களிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. இருப்பது நீங்கள் எனக்கு அனுப்பிய உங்கள் பத்திரிகைதான். அதைப் பிரகதியிடம் கொடுத்திருக்கிறேன். உறையில் உங்கள் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நான்தான் எழுதுவதாக இருந்தேன். திரு என்று எழுதினேன், புள்ளியும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் கை வரவில்லை அண்ணே.

ராஜாத்தி